மஞ்சள் விற்ற பணத்தை வேலைக்காகக் கட்டாதீர்கள்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும், நேரில் பாதியில் நின்ற பேச்சை எழுத்தில் முடிக்கிறேன்.

இயந்திரப் பொறியியல் முடித்த தம்பி, பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலுக்குக் காலை 9 மணிக்கே போய், மாலை 4 மணி வரை காரணம் சொல்ல ஆளின்றிக் காத்திருந்திருக்கிறார். உள்ளே அழைத்தவர் விண்ணப்பத்தைப் புரட்டாமல், கைப்பேசியைப் பார்த்தபடியே தந்தையின் தொழிலைக் கேட்டு, "அப்புறம் இங்கே எதற்கு வந்தாய்?" என்றிருக்கிறார். கடைசியில் பயிற்சிக் கட்டணமாக 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்றாராம். பையனுக்குப் பேசத் தெரியவில்லை என்று வருந்தினீர்கள். தம்பி மீது ஒரு தவறும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு வேலை தருவதாகச் சொல்கிறவரிடம் வேலை இருக்கிறதா என்பதே சந்தேகம்.

மஞ்சள் விற்ற பணத்தை அங்கே கட்டலாமா, பெரியப்பா சொல்லும் மென்பொருள் பயிற்சிக்குக் கட்டலாமா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஒரம்பரை (உறவுக்காரர்கள்) கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சத்துக்காக ஓராண்டு வெள்ளாமையை இழப்பது நியாயமில்லை. தம்பியோடு தனியாகப் பேசிய அரைமணி நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது ஒரே முறைதான். அது உங்கள் தோட்டத்து நீர்மூழ்கி மோட்டாரைப் பிரித்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றி மறுபடி இறக்கியதைச் சொன்னபோது.

அந்த ஆர்வத்துக்கு ஏற்ற வழி அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையில் இருந்தே வேலை பழகும் பயிற்சி. அதை ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கானது என்று நம் பக்கத்தில் ஒதுக்கிவிடுகிறோம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் 1973இலேயே திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது விதி. மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அதில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. முடிவில் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். கோவையின் பம்புத் தொழிற்சாலை ஒன்றில் அப்படி ஓராண்டு இருந்தால், மணல் அச்சில் இரும்பு ஊற்றுவதில் தொடங்கி, நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரைக் கடைந்து சமநிலை பார்த்து, மோட்டாருக்குக் கம்பிச் சுற்று (வைண்டிங்) கட்டி, சோதனை மேடையில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் நீர் ஏறுகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று அளப்பது வரை தம்பி கண்ணால் பார்த்துக் கையால் பழகலாம்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை, உதவித்தொகையும் குறைவுதான். ஆகவே சேருமுன், ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகிறதா, எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் வைப்பார்கள் என்று தம்பியே கேட்கட்டும். கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள். அவரிடம் நானே பேசுகிறேன்.