வினாடிக்கு 600 சுழற்சி: கெர் வெளிக்கு மாற வேண்டுமா?

வணக்கம். வினாடிக்கு 600 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனின் (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருவின்) எக்ஸ் கதிர்த் துடிப்பைக் கணித்தபோது, கோளப் பரப்பும் சுவார்ஸ்சைல்டு வெளியும் (சுழலாத நிறையைச் சுற்றி வளைந்த காலவெளி) தந்த ஒளிவளைவு (நேரத்தோடு ஒளியின் பொலிவு மாறும் வரைகோடு) பொருந்தவில்லை என்றும், கெர் வெளிக்கு (சுழலும் கருந்துளையைச் சுற்றிய காலவெளி) மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாம், கெர் தீர்வு கருந்துளைக்கு உரியது.

பிழை பெரும்பாலும் பரப்பின் வடிவத்தில்தான் இருக்கும்: 12 கி.மீ. ஆரமுள்ள விண்மீனின் நடுக்கோடு இந்தச் சுழற்சியில் ஒளிவேகத்தின் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் விரைவதால், துருவங்கள் தட்டையாகி, பரப்பிலிருந்து ஒளி புறப்படும் கோணமே மாறிவிடுகிறது. ஆகவே சுவார்ஸ்சைல்டு பாதைகளையே வைத்துக்கொண்டு, பரப்பை மட்டும் தட்டைக் கோளமாக்கி, டாப்ளர் திருத்தத்தையும் (பரப்பு நம்மை நோக்கியோ விலகியோ விரைவதால் ஒளியில் ஏற்படும் மாற்றத்துக்கான திருத்தம்) சேர்த்துப் பாருங்கள்.

காலத் தாமதத்தையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பரப்பின் தள்ளியிருக்கும் பகுதியிலிருந்து நம்மிடம் வர 12 கி.மீ. கூடுதல் தொலைவைக் கடக்க ஒளிக்கு 0.04 மில்லிவினாடி ஆகிறது, 1.67 மில்லிவினாடிச் சுழற்சியில் அது 2 விழுக்காட்டுக்கும் மேலான கட்ட நகர்வு (சுழற்சிக்குள் துடிப்பு தள்ளிப்போகும் அளவு).