பேன்ட் பாக்கெட்டில் போன் வைத்தால் விந்தணு குறையுமா?

கேள்வி: வயது 31. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் மில்லிக்கு 1.2 கோடி அணுக்கள் என்று வந்தது. போனை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில்தான் வைப்பேன். அதுதான் காரணமா? கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒட்டலாமா? (பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆன்டெனாவை அது மறைத்தால், சிக்னலைப் பிடிக்க போன் இன்னும் அதிக சக்தியோடு அலைகளை அனுப்பும்.

சுவிட்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை ராணுவத் தேர்வுக்கு வந்த 2,886 இளைஞர்களைச் சோதித்தார்கள். ஒரு நாளில் 20 முறைக்கு மேல் போனை எடுத்தவர்களுக்கு மில்லிக்கு 4.45 கோடி அணுக்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடுக்காதவர்களுக்கு 5.65 கோடி. பாக்கெட்டில் வைத்தவர்களுக்குத் தனியாகக் குறைவு எதுவும் தெரியவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்ததும் 2ஜி காலத்தில்தான், பிறகு தேய்ந்துவிட்டது. ஆட்களைக் கேட்டு எழுதிய கணக்கு என்பதால், போன்தான் குற்றவாளி என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. போனைச் சட்டைப் பையிலோ மேசையிலோ வைப்பதால் நஷ்டமில்லை, வையுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி. உங்கள் எண் அதற்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். ஒரே ஆளுக்கே இது ஏறி இறங்கும். ஆகவே சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்குள் வைத்து, அரை மணிக்குள் லேபில் கொடுங்கள். எண்ணெய், ஆணுறை கூடாது. முதல் துளிகள் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அணுக்கள் அதிகம் இருப்பது அதில்தான்.

விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இரண்டு மாதம் முன்பு அடித்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். ஜிம்மில் டெஸ்டோஸ்டீரான் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், எண்ணிக்கையை அது பூஜ்யத்துக்கே இறக்கிவிடும். வெரிகோசீல் எனப்படும் விதைப்பை ரத்தக்குழாய்ச் சுருட்டல் இருக்கிறதா என்று யூராலஜிஸ்ட் நிற்க வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும்; படுத்தால் அது மறைந்துவிடலாம். மனைவிக்கும் இதே சமயத்தில் பரிசோதனை நடக்கட்டும்.

கேள்வி: மடியில் லேப்டாப்? (வாசகர், சேலம்)

பதில்: அதில் தொல்லை சூடுதான்; விந்தணு உருவாவதற்குச் சூடு ஆகாது. தொடைகளைச் சேர்த்து மடியில் ஒரு மணி நேரம் வைத்த ஆண்களுக்கு விதைப்பைச் சூடு 2.6 முதல் 2.8 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அடியில் தலையணை வைத்தாலும் போதாது. மேசைக்கு மாற்றுங்கள்.