உழைக்கும் உரிமையும் அரசின் கடமையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: தனிமனித சுதந்திரத்தைப் பேசிய, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள், பொருளாதாரத்தில் அரசு தலையிடவே கூடாது என்றுதானே சொன்னார்கள்? அது வணிகர்களின் சுதந்திரம் மட்டும்தானே? – வாசகர், கும்பகோணம்

பதில்: அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், 1776 மார்ச் மாதத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அம்மாதம் 9ஆம் நாள் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ லண்டனில் வெளிவந்தது. மூன்று நாள் கழித்து பிரான்சின் வெர்சாய் அரண்மனையில், பாரிஸ் உயர்நீதிமன்றத்தின் கடும் எதிர்ப்பை மீறி, நிதியமைச்சர் தூர்கோ வரைந்த ஆணைகளைப் பதினாறாம் லூயி மன்னர் தம் நேரடி அதிகாரத்தால் பதிவு செய்ய வைத்தார்.

அன்றைய பாரிசில் தையல், தச்சு போன்ற பெரும்பாலான தொழில்களைச் செய்ய அந்தந்தத் தொழிற்சங்கத்தில் இடம் வேண்டும். இவை இன்றைய தொழிலாளர் சங்கங்கள் அல்ல. முதலாளிக் கைவினைஞர்களின் கட்டுக்கோப்பான அமைப்புகள். பல ஆண்டுகள் பழகுநராக உழைத்து, கட்டணமும் செலுத்தி, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே ஒருவர் சொந்தமாகக் கடை போட முடியும். இச்சங்கங்களைக் கலைத்த தூர்கோவின் ஆணை, பூத்தையல் போன்ற தொழிலில்கூடப் பெண்களுக்கு வழி அடைக்கப்பட்டிருந்ததை எடுத்துக்காட்டிக் கண்டித்தது. மனிதனுக்குத் தேவைகளைக் கொடுத்த இறைவன், உழைக்கும் உரிமையை ஒவ்வொருவரின் உடைமையாகவும் ஆக்கினான் என்றும், உடைமைகளுள் அதுவே முதன்மையானது, புனிதமானது என்றும் அதன் முன்னுரை கூறியது. ஸ்மித்தும் ஏறக்குறைய இதையே எழுதினார். ஏழையின் பிதுரார்ஜிதம் அவனுடைய கைகளின் வலிமையும் திறமையுமே. ஏழாண்டுப் பழகுநர் காலத்தைக் கட்டாயமாக்கிய 1563ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் அந்த உடைமையின் மீது நடத்தப்படும் அத்துமீறல் என்பது அவர் வாதம். இருவரும் 1766இல் பாரிசில் சந்தித்துப் பழகியவர்கள்; இருவருக்கும் முன்பே, 1689இல், ஒருவனின் உழைப்பு அவனுக்கே உரியது என்ற அடிப்படையை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வகுத்திருந்தார்.

ஆகவே அவர்கள் முதலில் மனத்தில் வைத்திருந்தது, தொழில் தெரிந்தும் கடை திறக்க முடியாத கைவினைஞனைத்தான். சாலை போடுவதற்கு உழவர்களிடம் கூலியில்லாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலையும் அதே நாளில் ஒழிக்கப்பட்டு, அதன் செலவு நில உடைமையாளர்கள் மீது வரியாக வைக்கப்பட்டது. இவை யாவும் அரசு விலகி நின்றதால் நடந்தவை அல்ல. சலுகை பெற்றோரின் தடைகளை உடைக்க வலுவான அரசே தேவைப்பட்டது. மே 12 அன்று மன்னர் தூர்கோவைப் பதவி நீக்கினார்; ஆகஸ்டுக்குள் தொழிற்சங்கங்களும் கட்டாய வேலையும் திரும்பிவிட்டன.

கேள்வி: தானிய வணிகத்துக்குச் சுதந்திரம் கொடுத்ததால்தான் பிரான்சில் ரொட்டிக் கலவரம் மூண்டது என்கிறார்களே? – வாசகர், மதுரை

பதில்: காரணம் அது ஒன்று மட்டுமல்ல, ஆனாலும் தூர்கோவை இதில் முழுமையாக விடுவிக்க என்னால் முடியவில்லை. 1774 செப்டம்பரில் உள்நாட்டுத் தானிய வணிகத்தின் கட்டுப்பாடுகளை அவர் நீக்கினார். அவ்வாண்டு விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் பாரிசில் நான்கு பவுண்டு எடையுள்ள ரொட்டியின் விலை 14 சூவை (சூ என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம்) எட்டியது. ஏப்ரல், மே மாதங்களில் பாரிசைச் சுற்றியுள்ள பகுதியெங்கும் மக்கள் சந்தைகளிலும் களஞ்சியங்களிலும் திரண்டார்கள். என்னை மிகவும் பாதித்த செய்தி ஒன்று உண்டு: பல இடங்களில் அவர்கள் தானியத்தைக் கொள்ளையடிக்கவில்லை, நியாயமென்று தாங்கள் கருதிய விலையை நிர்ணயித்து, அந்தப் பணத்தை உரியவரிடமே கொடுத்தார்கள். அரசு படையை அனுப்பியது. மே 11 அன்று பாரிசின் கிரேவ் சதுக்கத்தில் டோப்பா செய்பவர் ஒருவரும் நெசவுத் தொழிலாளி ஒருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

நீண்ட கால நோக்கில், தானியம் தடையின்றி நகர்ந்தால் ஓரிடத்துப் பஞ்சத்தை இன்னோரிடத்து விளைச்சல் ஈடுசெய்யும் என்ற தூர்கோவின் கணக்கு தவறல்ல. ஆனால் பசித்தவர் அடுத்த அறுவடை வரை காத்திருக்க முடியாது. இதை அவரே நன்கு அறிந்திருந்தார் என்பதுதான் வேதனை. 1770இல் லிமோழ் மாகாண நிர்வாகியாக இருந்தபோது, பஞ்சத்தில் வாடியவர்களுக்கு நிவாரண வேலைத்தளங்களைத் திறந்தார். விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடும் வாரக் குடியானவர்களுக்கு அடுத்த அறுவடை வரை உணவளிக்க வேண்டும் என்று நில உடைமையாளர்களுக்கு உத்தரவும் இட்டார். இன்னொரு குறையும் உண்டு. பழைய சங்கங்களைக் கலைத்த அதே 1776 ஆணை, தொழிலாளர்கள் தங்களுக்குள் கூட்டாகச் சேர்வதையும் தடுத்தது. 1791இல் புரட்சி அரசு இயற்றிய லெ ஷாப்பெலியே சட்டமும் அத்தடையையே தொடர்ந்தது. தனித்தனி மனிதனை விடுவிக்க முனைந்தவர்கள், கூலிக்காரன் தனியாக நின்று முதலாளியிடம் பேரம் பேச இயலாது என்பதைக் கருத்தில் கொள்ளவில்லை.

கேள்வி: ஸ்மித்தும் அதைக் காணவில்லையா? – வாசகர், சேலம்

பதில்: கண்டார். கூலியை உயர்த்தாதிருக்க முதலாளிகள் எங்கும் எப்போதும் மறைமுகமாக ஒன்றுசேர்ந்தே இருக்கிறார்கள், சட்டமோ தொழிலாளர் ஒன்றுசேர்வதை மட்டும் தடுக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். பாதுகாப்பு, நீதி, பொதுப்பணிகள் ஆகியவற்றை அரசின் கடமைகளாக வகுத்த அவர், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து மழுங்கிப்போகும் தொழிலாளியின் அறிவைக் காக்கப் பொதுப் பள்ளிகளும் வேண்டும் என்றார்.

தானிய வணிகத்தைப் பொறுத்தவரை அவர் தூர்கோவின் பக்கமே நின்றார். அவருடைய நூலில் அதே இடத்தில் நம் நாட்டைப் பற்றிய ஒரு குறிப்பும் வருகிறது. வங்காளத்தில் 1769–70இல் ஏற்பட்ட வறட்சி பெரும் பஞ்சமாக மாறியதற்கு, அரிசி வணிகத்தின் மீது கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் விதித்த கட்டுப்பாடுகளும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று அவர் கருதினார். ஏகபோக வணிகக் கம்பெனி ஒன்று நாட்டை ஆள்வதைவிடக் கேடான ஆட்சி இருக்க முடியாது என்பதே அவரது உறுதியான கருத்து.