பச்சை ஏறாத பொத்தானும் வெட்டுப்படும் பெயர்களும்

கேள்வி: இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) எழுதிவரும் நிறுவையைக் கணினியில் பதிய, பைத்தன் மொழியில், திரைச் சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் டிகிண்டரைக் கொண்டு சிறிய மென்பொருள் ஒன்றை எழுதியிருக்கிறேன். பழைய பொத்தான்கள் பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதன் புதிய வகையான டிடிகே பொத்தான்களுக்கு மாறினேன். பின்னணி நிறம் கொடுத்தால் பிழை வருகிறது. ஸ்டைல் (தோற்ற விதிகளின் தொகுப்பு) வழியாகக் கொடுத்தால் பிழை இல்லை, நிறமும் இல்லை. கிளாம் என்ற தீமுக்கு (மென்பொருள் முழுவதற்குமான தோற்ற அமைப்பு) மாற்றிய பின் பச்சை வந்தது. ஆனால் மவுஸ் மேலே போனதும் வெளிறிவிடுகிறது. பெயர்ப் பட்டியலில் எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழ்ப் பெயர்கள் மேலும் கீழும் வெட்டுப்படுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: நிறத்தைப் பற்றிய உங்கள் மூன்று சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். பெயர் வெட்டுப்படுவது தனிச் சிக்கல், என் கணக்கில் அதுவே பெரியது. நிறத்தை முதலில் முடித்துவிடுவோம்.

டிகிண்டரின் அடியில் இருப்பது, ஜான் அவுஸ்டர்ஹவுட் பெர்க்லியில் உருவாக்கிய டிகே என்ற நூலகம். அதன் பழைய விட்ஜெட்டுகள் (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்புகள்) தங்கள் நிறத்தைத் தாங்களே வைத்திருப்பவை. பொத்தானிடம் நேரடியாகப் பச்சை என்று சொன்னால் பச்சையாகிவிடும். 2007இல் வந்த 8.5ஆம் பதிப்பில் டிடிகே சேர்ந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. தோற்றம் முழுவதும் விட்ஜெட்டின் கையிலிருந்து தீமின் கைக்குப் போனது. அதனால்தான் டிடிகே பொத்தானிடம் பின்னணி நிறத்தை நேரடியாகக் கொடுத்தால், அப்படியொரு விருப்பத்தை அறியேன் என்று பிழை காட்டுகிறது.

ஸ்டைல் வழியாகக் கொடுத்தும் நிறம் ஏறாததற்குக் காரணம், விண்டோஸில் இயல்பாக வரும் விஸ்டா தீம். அந்தத் தீமில் பொத்தானின் உடலை வரைவது விண்டோஸே. நீங்கள் கொடுத்த நிறத்தை அது கேட்பதில்லை. எழுத்தை மட்டும் டிகே வரைவதால் எழுத்தின் நிறம் மாறும். உற்றுப் பார்த்தால் பொத்தானின் ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரியும், உங்கள் நிறத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். மேக் கணினியின் அக்வா தீமிலும் இதே கதை. கிளாம், ஆல்ட், டிஃபால்ட், கிளாசிக் ஆகிய நான்கும் தம்மைத் தாமே வரைந்துகொள்வதால் சொன்ன நிறத்தை ஏற்கும். நீங்கள் கிளாமைத் தேர்ந்தது சரியான முடிவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கன்ஃபிகர் கட்டளையில் நீங்கள் சொல்வது, அந்த நேரத்தில் நடப்பில் இருக்கும் தீமிலேயே பதிவாகும். நிறங்களைக் கொடுத்துவிட்டுப் பிறகு தீமை மாற்றினால் அவை பழைய தீமோடு போய்விடும். ஆகவே தீமைத் தேர்ந்தெடுக்கும் வரி எல்லா அலங்காரத்துக்கும் முன்னால் இருக்க வேண்டும்.

இனி வெளிறும் பொத்தான். டிடிகேயில் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் நிலைகள் உண்டு. மவுஸ் மேலே இருந்தால் ஆக்டிவ், அழுத்தினால் பிரெஸ்ட், முடக்கிவைத்தால் டிஸேபிள்ட். சாதாரண நேரத்துக்கான நிறத்தைக் கன்ஃபிகர் சொல்கிறது, நிலைக்கு ஏற்ற நிறத்தை மேப் சொல்கிறது. கிளாம் தீம் தன் எல்லா விட்ஜெட்டுகளுக்கும் ஏற்கெனவே ஒரு மேப் வைத்திருக்கிறது. ஆக்டிவ் நிலைக்கு வெளிர் நிறம் என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் ஸ்டைலில் கன்ஃபிகர் மூலம் வைத்த பச்சையைவிட, தாய் ஸ்டைலிலிருந்து வரும் இந்த மேப்புக்கே முன்னுரிமை. பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. பச்சைக்கு நீங்களும் ஒரு மேப் எழுதினால் தீர்ந்தது.

அந்த மேப்பில் வரிசை முக்கியம். டிகே பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அழுத்தப்படும் பொத்தானின் மேல் மவுஸும் இருக்கும் என்பதால் அது பிரெஸ்ட், ஆக்டிவ் என்ற இரு நிலைகளிலும் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஆக்டிவை முதலில் எழுதினால் பிரெஸ்ட் நிறத்தை யாரும் ஒருபோதும் பார்க்கமாட்டார்கள். முதலில் டிஸேபிள்ட், அடுத்து பிரெஸ்ட், கடைசியில் ஆக்டிவ் என்று எழுதுங்கள். டிஸேபிள்ட் நிறத்தை அலட்சியமாக விடவேண்டாம். ஒரு நிறுவையைப் பதிந்தவுடன் பொத்தானை முடக்கி, அடுத்த எண்ணை உள்ளிட்ட பிறகே திறப்பது நல்லது. இல்லையென்றால் ஒரே நிறுவை இரண்டு முறை செக்ரோலில் (தொழிலாளரின் வேலைப் பதிவேடு) ஏறிவிடும். முடங்கிய பொத்தான் முடங்கியதாகத் தெரிந்தால்தான் பதிபவர் அதை மறுபடி மறுபடி அழுத்தமாட்டார்.

ஸ்டைல் பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டன் என்பதன் முன் டி சேர்ந்த பெயர்தான் எல்லாப் பொத்தான்களுக்கும் பொதுவான ஸ்டைல். அதை நேரடியாக மாற்றினால் அழிக்கும் பொத்தானும் பச்சையாகிவிடும். அதற்கு முன்னால் உங்கள் சொந்தப் பெயரை எழுதி, இடையில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதிடமிருந்து மற்றதெல்லாம் தானாக வந்துசேரும். பட்டியலைக் காட்டும் டிரீவியூவின் பெயருக்கு மட்டும் முன்னால் டி கிடையாது. எந்த விட்ஜெட்டுக்கு எந்தப் பெயர் என்று ஐயம் வந்தால் வின்ஃபோ கிளாஸ் என்ற முறையைக் கூப்பிட்டுப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

எழுத்துரு விஷயத்தில், ஒவ்வொரு ஸ்டைலிலும் தனித்தனியாகக் கொடுப்பதைவிட டிகேயின் பெயரிட்ட எழுத்துருக்களை மாற்றுவது நேர்வழி. டிகே டிஃபால்ட் ஃபொன்ட் என்பதன் குடும்பத்தை நிர்மலா அல்லது லதா என்று ஒருமுறை மாற்றினால் பெரும்பாலான இடங்கள் அதைப் பின்பற்றும். எண்ணோ பெயரோ உள்ளிடும் என்ட்ரி பெட்டி மட்டும் ஸ்டைலில் கொடுத்த எழுத்துருவைக் கண்டுகொள்ளாது, அந்தப் பெட்டிக்கே நேரடியாகக் கொடுக்கவேண்டும். தோட்டப் பிரிவான டிவிஷனைத் தேர்ந்தெடுக்கும் கொம்போபாக்ஸும் அப்படியே. அதில் விரியும் பட்டியல் பழைய வகை லிஸ்ட்பாக்ஸ் என்பதால் அதற்கு ஆப்ஷன் ஆட் கட்டளை தேவை. நீங்கள் கேட்ட எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் டிகே பிழை காட்டாமல் வேறொன்றைப் போட்டுவிடும். எனவே கணினியில் உள்ள குடும்பங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று நிரலிலேயே பார்த்துவிடுங்கள்.

வெட்டுப்படும் பெயர்களுக்கு வருகிறேன். டிகே 8.6இன் டிரீவியூவில் ஒரு வரிசையின் உயரம் இயல்பாக 20 பிக்சல். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் அந்த உயரம் தானாகக் கூடுவதில்லை. ஆங்கில எழுத்துக்கு அது ஓரளவு போதும். அதனால்தான் இணையத்து உதாரணங்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றன. தமிழ் அப்படியல்ல. லெட்சுமி என்ற ஒரே பெயரில் சுகரத்தின் கீழே கால் தொங்குகிறது, மிகரத்தின் மேலே கொக்கி வளைகிறது. எழுத்து வரிசையின் நடுவில் வைக்கப்படுவதால் இரண்டு பக்கமும் அறுபடும். மேல் கொக்கி போனால் மி என்பது ம ஆகிவிடும், கீழ்க் கால் போனால் சு எது, ச எது என்று தெரியாது. ஒரே தோட்டத்தில் ராமாயியும் ராமாயும் இருந்தால் யாருடைய கிலோ யாருக்குப் போகும்? நாள் முழுவதும் மலையில் நின்று பறித்தவர் திரையில் தன் பெயரை முழுதாகப் பார்க்க வேண்டும். அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வழி எளிது. எழுத்துருவின் மெட்ரிக்ஸ் முறையிடம் லைன்ஸ்பேஸ் (ஒரு வரிக்கு வேண்டிய உயரம்) எவ்வளவு என்று கேளுங்கள், அதோடு 6 அல்லது 8 பிக்சல் கூட்டுங்கள், அதை டிரீவியூ ஸ்டைலின் ரோஹைட்டாக (வரிசை உயரம்) கொடுங்கள். 30 என்றோ 35 என்றோ கையால் எழுதிவைக்க வேண்டாம். எழுத்துரு அளவை நேர் எண்ணாகக் கொடுத்தால் அது பாயிண்ட் கணக்கு, திரையின் அடர்த்திக்கு ஏற்ப மாறும். ரோஹைட் எப்போதும் பிக்சல் கணக்கு. உங்கள் மடிக்கணினியில் சரியாக இருந்த பட்டியல், திரையை 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவைத்த அலுவலகக் கணினியில் இதனால் மறுபடி வெட்டுப்படக்கூடும். கேட்டுக் கணக்கிட்டால் எங்கே போனாலும் சரியாக இருக்கும்.

முழுப்பேர் (முழு நாள் கூலி), அரைப்பேர் (அரை நாள் கூலி) வரிசைகளை வெவ்வேறு நிறத்தில் காட்ட நினைத்தால் டிரீவியூவின் டேக் வசதி (வரிசைக்கு ஓர் அடையாளம் வைத்து அதற்கு நிறம் கொடுப்பது) இருக்கிறது. டேக் வைத்தும் நிறம் வரவில்லை என்றால் டிகே பதிப்பைப் பாருங்கள். 8.6.9இல் இதற்கொரு வழு இருந்தது, 8.6.10இல் திருத்திவிட்டார்கள். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம் என்பது என் கருத்து. ஒருவருடைய கூலியைத் தீர்மானிக்கும் செய்தி அது. ஒரு நெடுவரிசையில் அரை என்று எழுத்திலும் இருக்கட்டும்.

பழைய பெயர்ப் பட்டியல் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டதாக இருக்கலாம். நம் அலுவலகங்களில் இன்னும் நிறையக் கோப்புகள் அப்படித்தான் கிடக்கின்றன. அதற்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள், பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போட்டுக் காட்டுகிறது. நிர்மலாவுக்கு மாற்றியதும் எல்லாம் புரியாத ஆங்கிலமாகத் தெரியும். அதை ஸ்டைலால் சரிசெய்ய முடியாது. கோப்பை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டே மென்பொருளில் ஏற்றுங்கள்.

ஸ்டைலால் தீராத இன்னொன்று லினக்ஸ். டிகே 8.6 அங்கே தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்காது, சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகும். லெட்சுமியின் கொம்பு லகரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். அலுவலகக் கணினி லினக்ஸ் என்றால் டிகிண்டரோடு மல்லுக்கட்டாமல், கியூட்டி என்ற இன்னொரு சாளர நூலகத்துக்கு, பைத்தனிலிருந்து அதைப் பயன்படுத்த உதவும் பைசைட் வழியாக மாறுங்கள். அது ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் ஒழுங்காக வரும். அங்கே அலங்காரம் வலைப்பக்கங்களின் ஸ்டைல்ஷீட் போலவே எழுதப்படும், மவுஸ் மேலே வரும் நிலைக்கு ஹவர் என்று தனியாகக் கொடுக்கலாம். ஆனால் அங்கும் புஷ்பட்டனுக்குப் பின்னணி நிறத்தை மட்டும் கொடுத்தால் அது தெரியாமல் போகலாம். கூடவே பார்டருக்கும் ஏதாவது ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுங்கள், நிறம் வந்துவிடும்.