லாக்கர் அரை

ஐயா, வங்கியில் வேலை பார்க்கிறேன். பாட்னாவிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர் இங்கேதான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். நான் எழுதி ஒட்டிய அறிவிப்பில் ‘லாக்கர் அரை’ என்றிருந்ததை அவர்தான் ‘அறை’ என்று திருத்தினார். மானமே போய்விட்டது. பிறந்ததிலிருந்து தமிழ் பேசும் எனக்கு ஏன் இப்படி? ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து எதற்கு, ஒன்றை எடுத்துவிட்டால் என்ன? மனதுக்குள் உச்சரித்துப் படிப்பதால் வரும் கோளாறா?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

மனதுக்குள் உச்சரிப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், விடுங்கள். பேத்தியின் டிக்டேஷன் நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் யோசிப்பது உங்கள் முதல் கேள்வியைத்தான்.

உங்களுக்குத் தமிழ் காது வழியாக வந்தது. எழுத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எழுதும்போது உள்ளே ஒலி கேட்கிறது, அதற்கு முதலில் அகப்பட்ட எழுத்தைக் கை போட்டுவிடுகிறது. உங்கள் நண்பரோ பல சொற்களைக் கேட்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டார். ‘அங்கே’, ‘அவர்களுடைய’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் ஒரே ஒலிதான். இங்கிலாந்தில் பிறந்தவர்களே அவற்றை மாற்றி எழுதுகிறார்கள். அவர்களுக்கும் அது காதில் விழுந்த மொழி.

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு (புரூஃப்) பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் மெய்ப்பில் தொடர வேண்டும். எனக்கு வாசித்த பெரியவர் “மனம், ரெண்டு சுழி; மணம், மூணு சுழி; அறம், பெரிய ற” என்று ராகம் போட்டே வாசிப்பார். காதுக்குப் பிரித்துச் சொல்ல முடியாததை உருவத்தைச் சொல்லித்தானே பிரிக்க முடியும்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நான் பென்சிலால் மேஜையைத் தட்டுவேன். “மூணு, மூணு” என்று திடுக்கிட்டு எழுவார்.

அப்புறம், ற-வை எடுத்துவிடலாம் என்கிறீர்களே, என்ன துணிச்சல் உங்களுக்கு! ‘காற்று’, ‘வெற்றி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே கேட்பது ர-வா? தமிழில் ர இரட்டிப்பதே இல்லை. பக்கத்தில் மலையாளத்தில் இன்றும் ர வேறு, ற வேறு. சென்னை நாக்குக்குச் சோம்பல் என்றால் எழுத்தை வெட்டுவதா? 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தில்கூட றா, லை, ளை போன்றவற்றின் வடிவத்தைத்தான் மாற்றினார்கள். எழுத்து எதையும் ஒழிக்கவில்லை.

சரி, மானத்துக்கு வருவோம். உங்கள் வங்கி நண்பரைக் ‘கடல், பகல், தங்கம்’ என்று வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. இந்தியில் க-வுக்கும் தங்கத்தில் வரும் ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் எங்கே எப்படி ஒலிக்கும் என்று அவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். நீங்கள் மூன்று விதமாகச் சொல்கிறீர்கள் என்பதே இதுவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த அறிவிப்பை அவரிடம் காட்டிவிட்டு ஒட்டுங்கள்.