பேட்ச் அவருடையது, கமிட் உங்கள் பெயரில்: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். நெல் கொள்முதலில் மூட்டைக் கணக்கு வைக்கும் ஒரு சின்ன கட்டற்ற செயலியை நாலைந்து பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். 40 கிலோ மூட்டையைக் குவிண்டாலாக மாற்றும் இடத்தில் தசமம் காணாமல் போய், 7 மூட்டைக்கு 2.8 வராமல் 2 என்று காட்டியது. ஒரு விவசாயி கவனித்துச் சொன்னார். ஒரு கல்லூரி மாணவர் சரிசெய்து (இந்தத் திருத்தம்தான் பேட்ச்), கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் இரண்டு வரி திருத்தி, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' மென்பொருளில் கமிட் செய்தேன், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்தேன். இப்போது எங்கே பார்த்தாலும் என் பெயர்தான். தம்பி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அவர் பெயரை எப்படிச் சேர்ப்பது? அவருக்கான சைன்-ஆஃப் வரியையும் (நிரலுக்குப் பொறுப்பேற்று உறுதி சொல்லும் வரி) நானே போட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடக்கூடாது. எழுதியவர் என்று அவர் பெயரை நீங்கள் போடலாம், போடவும் வேண்டும். சைன்-ஆஃப் அப்படியல்ல, அது கையெழுத்து மாதிரி.

பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துக்குப் போயிருப்பீர்கள். வர முடியாத மாமா மருமகனிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினால், நோட்டில் மாமா பெயரைத்தான் எழுதுவார்கள். நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது அவருக்கு. கிட் இன்னும் ஒரு படி மேலே போய் இரண்டு பெயரையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. எழுதியவர் ஆத்தர், ரெப்போவில் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) சேர்த்தவர் கமிட்டர். நீங்கள் கோப்பை உங்கள் கணினியில் போட்டு கமிட் செய்ததால் இரண்டு இடத்திலும் உங்கள் பெயர் விழுந்துவிட்டது. மாற்றத்தை எழுதியவர் பெயரோடு கோப்பாக்கும் 'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கட்டளை மூலம் அவர் கோப்பு அனுப்பி, நீங்கள் அதை உள்ளே சேர்க்கும் 'கிட் ஏஎம்' கட்டளை கொண்டு சேர்த்திருந்தால் ஆத்தராக அவரே இருந்திருப்பார். இனிமேல் அப்படியே வாங்குங்கள். வெறும் கோப்புதான் வந்தது என்றால், கமிட் செய்யும்போது 'ஆத்தர்' ஆப்ஷனில் அவர் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுங்கள்.

நீங்கள் இரண்டு வரி திருத்தினீர்கள் என்பதற்காக ஆத்தர் மாறிவிட மாட்டார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பராமரிப்பவர் தான் மாற்றியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதன் கீழே தன் சைன்-ஆஃபைப் போடுவார். யார் எதைச் செய்தார் என்பது பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் விளங்கும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதியிருந்தால் 'கோ-ஆத்தர்டு-பை' வரி சேர்க்கலாம், ரெப்போக்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் அதைப் புரிந்துகொண்டு இருவரையும் காட்டும். கமிட்டோடு எழுதும் செய்தியின் கடைசியில், மேலே ஒரு வெற்று வரி விட்டு, இந்த வரிகளையெல்லாம் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதுங்கள்.

சரி, ஏற்கனவே நடந்ததை என்ன செய்வது? கமிட்டை இன்னும் புஷ் செய்யவில்லை (பொது ரெப்போவுக்கு அனுப்பவில்லை), அதுவே உங்கள் கடைசி கமிட் என்றால், அதைத் திருத்தும் 'அமென்ட்' ஆப்ஷனோடு 'ஆத்தர்' ஆப்ஷனையும் கொடுத்தால் போதும். புஷ் ஆகிவிட்டால் ஆத்தரை மாற்றும்போது ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) மாறும், அதற்குப் பின்னால் வந்த கமிட்கள் எல்லாவற்றுக்கும் மாறும். நாலைந்து பேர்தானே, எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யலாம். வெளியாட்களும் குளோன் (ரெப்போவின் நகல்) எடுத்திருந்தால் வரலாற்றில் கை வைக்காதீர்கள். அந்த கமிட்டை ரிவர்ட் செய்து (அதன் மாற்றத்தைத் திரும்பப் பெறும் புது கமிட் போட்டு), அதே மாற்றத்தை அவரை ஆத்தராக வைத்து மறுபடி சேருங்கள். ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' பார்ப்பவருக்கும் அவர் பெயரே தெரியும். 'மெயில்மேப்' கோப்பு இதற்கு உதவாது. அது ஒருவரின் பெயரையும் மின்னஞ்சலையும் மொத்தமாக மாற்றிக் காட்டும், ஒரு கமிட்டை மட்டும் தொடாது.

சைன்-ஆஃபுக்கு வருவோம். 2003-ல் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸை முன்வைத்து ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த நிரல் யார் கை வழியாக வந்தது என்று காட்டும் தேவை அப்போது பெரிதானது. அதனால் 2004-ல் கெர்னலில் 'சைன்டு-ஆஃப்-பை' வரி வந்தது. அதைப் போடுபவர், 'இதை நான் எழுதினேன், அல்லது உரிய உரிமத்தோடு எடுத்தேன், அல்லது அப்படி உறுதிசெய்த ஒருவரிடமிருந்து மாற்றாமல் வாங்கினேன்; இந்தப் பதிவு எல்லோரும் பார்க்கும்படி நிலைத்திருக்கும் என்பது தெரியும்' என்று உறுதி கொடுக்கிறார். தம்பி எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினாரா, பகுதிநேர வேலை பார்க்கும் இடத்தில் எழுதினாரா என்பது அவருக்குத்தான் தெரியும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே அவரே படித்துப் பார்த்து, 'கிட் கமிட்' கட்டளையில் சின்ன எஸ் சேர்த்துத் தன் வரியைப் போடட்டும். பெரிய எஸ் வேறு, அது ஜிபிஜி சாவியால் இடும் மின்கையொப்பம். அவர் வரிக்குக் கீழே உங்கள் சைன்-ஆஃப் வரும், ஏனென்றால் உங்கள் கை வழியாகத்தான் அது உள்ளே போகிறது.

அப்புறம் அந்த விவசாயி. 7 மூட்டைக்கு 2 குவிண்டால் என்று பார்த்ததும் சந்தேகப்பட்டவர் அவர். 'ரிப்போர்ட்டட்-பை' வரியில் அவர் பெயர் வரத்தான் வேண்டும். ஆனால் கமிட் செய்தி பொதுவெளியில் கிடக்கும், அழிப்பது கடினம். உங்களிடம் தனியாகச் சொன்னவர் என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். மின்னஞ்சல் இல்லாதவர் என்றால், அவர் சம்மதித்த பெயரோடு 'இவர் கவனித்துச் சொன்னார்' என்று கமிட் செய்திக்குள் தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள், கிட் தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.