பாட்டும் கதையும் மட்டும் போதுமா? ஒன்றாம் வகுப்புக்கு முந்திய ஆண்டு

கேள்வி: என் மகளுக்கு நாலே முக்கால் வயது. மழலையர் பள்ளியில் இது இரண்டாவது ஆண்டு. கதை, பாட்டு, களிமண், மரக்கட்டைகள் என்றே பொழுது போகிறது. வீட்டுப்பாடம் கிடையாது. வேறு பள்ளியில் படிக்கும் அவள் வயதுப் பையன் நூறு வரை எழுதுகிறான். அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. இவள் பின்தங்கிவிடுவாளா? பள்ளியை மாற்றலாமா?

பதில்: நோட்டு காலியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு எழுத்து தெரியாத குழந்தை பெரிய பிரச்சினை இல்லை. எழுத்து சொல்லித்தருவதுதானே அவர் வேலை! இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறந்துவிடுகிற குழந்தை, தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாத குழந்தை, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குழந்தை, இவர்கள்தான் முதல் சில மாதங்கள் தடுமாறுவார்கள்.

இதைப் பழக்க விளையாட்டை விட நல்ல வழி கிடையாது. “தலையைத் தொடு என்று சொன்னால் காலைத் தொட வேண்டும்” என்றொரு விளையாட்டு உண்டு. குழந்தை விதியை நினைவில் வைக்க வேண்டும், தானாகத் தலைக்குப் போகும் கையைத் தடுக்க வேண்டும், அடுத்த கட்டளைக்குக் காது கொடுக்க வேண்டும். பள்ளிக்குத் தயாரான கவனம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர்களே இந்த மாதிரி விளையாட்டைத்தான் வைக்கிறார்கள். மருத்துவர், நோயாளி என்று நடித்து விளையாடுவதும் இதே பயிற்சிதான். நோயாளியாக இருப்பவள் நடுவில் எழுந்து ஓடினால் ஆட்டம் கெட்டுவிடும், அது அவளுக்கே தெரியும்.

அடுத்தது பாட்டு. பெற்றோர் அதிகம் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். பட்டம், வட்டம், கட்டம் என்று எதுகையோடு பாடும்போது சொல்லுக்குள் ஒலிகள் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்கலாம், மாற்றலாம் என்று காது கற்றுக்கொள்கிறது. க-ர-டி என்று மூன்று முறை கைதட்டுவதும், ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குவதும் அதே வேலையைச் செய்கின்றன. 1983-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், நாலைந்து வயதில் ஒலி பொருந்தாத சொல்லைக் கண்டுபிடித்துச் சொல்ல முடிந்த குழந்தைகள் (கல், பல், சொல், மரம் என்றால் ‘மரம்’) சில ஆண்டுகள் கழித்து வாசிப்பிலும் பிழையின்றி எழுதுவதிலும் முன்னால் இருந்தார்கள். எழுத்தின் வடிவம் பிறகு வந்து இந்தக் காதின் மேல்தான் உட்காருகிறது.

கதைக்கும் இதே மதிப்பு உண்டு. ஆனால், ஆசிரியர் வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டால் பாதிதான் பலன். “அவன் ஏன் ஒளிந்துகொண்டான்? அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்டு, குழந்தை சொல்லும் அரைகுறை வாக்கியத்தை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்வளம் அப்படித்தான் சேரும்.

எண்களைப் பொறுத்தவரை, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பொத்தான்களைக் குவித்து வைத்து “ஏழு கொடு” என்று கேளுங்கள். நூறு வரை ஒப்பிக்கும் சில குழந்தைகள் இங்கே கை நிறைய அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். எண்களின் வரிசை தெரிவது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறு. 2007-ல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து வெளியான ஆய்வொன்று, பள்ளியில் நுழையும்போது இருக்கும் கணக்கறிவே பிந்தைய படிப்பை மிக நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்றது. உடனே பயிற்சிப் புத்தகம் வாங்க ஓடாதீர்கள். தட்டு வைக்கும்போது எண்ணுவது, எது அதிகம் என்று ஒப்பிடுவது, கட்டைகளைப் பிரித்து அடுக்குவது, இவையும் கணக்குதான்.

கை விஷயம் சுருக்கமாக: வட்டத்தைப் பார்த்து வரைவது சுமார் மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நாலில், சதுரம் நாலரையை ஒட்டி, முக்கோணம் ஐந்துக்கு மேல். சாய்கோடு வசப்படாத கையில் பென்சிலைத் திணித்தால் விரல் வலியும் வெறுப்பும்தான் மிஞ்சும். களிமண், கத்தரிக்கோல், மணி கோப்பது எல்லாம் அந்த விரல்களுக்கான வேலை. எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரைகூட சகஜம்.

சரி, முன்கூட்டியே எழுதினால் நஷ்டம் என்ன? அந்த முன்னிலை நிலைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த பெரிய ஆய்வில், அரசின் முன்பருவ வகுப்புக்குப் போன குழந்தைகள் தொடக்கத்தில் எழுத்தறிவில் முந்தியிருந்தார்கள். ஆறாம் வகுப்பை எட்டியபோதோ, அந்த முன்பருவ வகுப்புக்குப் போகாதவர்களை விடப் பின்னால் இருந்தார்கள். ஏன் என்பதில் வாதம் ஓயவில்லை. இதற்கு எதிர்முனையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் தொடங்கி, மொத்தம் 123 குழந்தைகளை ஆராய்ந்த பெர்ரி என்ற முன்பருவ வகுப்புத் திட்டம். அந்த வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் தாங்களே திட்டமிட்டு விளையாடினார்கள். நுண்ணறிவு மதிப்பெண்ணில் கிடைத்த ஏற்றம் சில ஆண்டுகளில் கரைந்தாலும், 40 வயதில் அவர்களின் படிப்பும் வருமானமும் அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களை விட மேலாக இருந்தன. ஆக, முன்பருவ வகுப்பு இருந்தாலே போதும் என்றில்லை, உள்ளே நடப்பதைப் பொறுத்தது. நூறு வரை எழுதும் பையனும் நன்றாகவே படிக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனவே அரை மணி நேரம் வகுப்பில் உட்காரக் கேளுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறாரா, பதிலுக்குக் காத்திருக்கிறாரா? விளையாட்டுக்கு நடுவே எண்ணிக்கையும் புதுச்சொல்லும் வருகின்றனவா? வந்தால் அங்கேயே விடுங்கள். குழந்தைகளைத் தம் போக்கில் விட்டுவிட்டு ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்திருந்தால், மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு முந்திய விடுமுறையில் தனியாகக் கழிப்பறை போவது, பையை மூடுவது, உதவி கேட்பது ஆகியவற்றைப் பழக்கிவிடுங்கள், போதும். அவள் பேச்சு வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றாலோ, இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் எப்போதுமே பின்பற்ற முடியவில்லை என்றாலோ, பள்ளியை மாற்றும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.